எழுபதில் இலண்டன்

ஒரு காலத்திலே இலண்டன் பிரயாணம் இளைஞருக்கே உரியதாயிருந்தது. தந்தை காணியை ஈடு வைப்பார். தாய் தாலிக்கொடி ஒன்று நீங்கலாக மற்றை நகைகளையெல்லாம் கழற்றிக் கொடுப்பாள். மகன் கப்பலேறிச் சட்டமோ வைத்தியமோ படித்து மீள்வான். 1863 ஆம் ஆண்டிலே முத்துக்குமாரசுவாமி அவர்கள் இலண்டன் இலிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திற் பாரிஸ்டராக ஏற்கப்பெற்றார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அங்ஙனம் ஏற்கப்பெற்றது அதுவே முதன்முறை என்பர். அவர் வழியில் அடுத்த நூறாண்டுக்கு நம்மவர் பலர் சென்றனர். பெற்றவர்களோ துறைமுகத்தில் நின்று கையசைத்ததோடு சரி. பிள்ளை கண்ட நகரத்தைத் தாமும் காணலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு எழுந்ததில்லை.

1983 இன் பின்னர் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. படிப்புக்கன்றி உயிருக்கு அஞ்சிப் புறப்பட்ட பிள்ளைகள் அங்கேயே வீடு வாங்கி வேரூன்றிவிட்டனர். அவர்களால் ஊருக்கு வந்து நெடுநாள் தங்க முடிவதில்லை. ஆதலால் இன்று கடவுச்சீட்டுக்குப் புகைப்படம் எடுக்கப் போய் நிற்பவர்கள் அறுபத்தெட்டு வயதுத் தகப்பனாரும் அறுபத்துநான்கு வயதுத் தாயாருமே ஆவர். கொழும்பைக்கூட இரண்டு மூன்று முறைக்கு மேற் கண்டிராத அவர்கள், உலகப் பெருநகரங்களுள் ஒன்றைத் தம் வாழ்நாளின் மாலைப்பொழுதிலே முதன்முறையாகக் காணப் புறப்படுகின்றனர்.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே சென்று, சாம்பல்தீவை அடுத்துக் கடற்பக்கம் திரும்பினால் வருவது சல்லி. கரையிலே முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கின்றாள். ஊர் கடலை நம்பிய ஊர். யுத்தம் மக்களைக் கலைத்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடலே உள்ளே வந்து போனது. இத்தனைக்கும் பின்னர், அவ்வூரைச் சேர்ந்த முதியவர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் சென்ற ஆண்டு இலண்டனிலுள்ள மகனிடம் போய் வந்தனர். அவர்கள் வாய்மொழியாகக் கேட்டவற்றையும், அந்நகரைப் பற்றி நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்து எழுதுவதே இவ்வாரக் கட்டுரை. பெற்றோரை அழைக்க எண்ணும் பிள்ளைகளுக்கும், "இந்த வயதில் எனக்கென்ன பயணம்?" என்று தட்டிக்கழிக்கும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

முதியோர் தயங்குவதற்குப் பல காரணங்கள் சொல்வர். குளிர் என்பர்; சாப்பாடு என்பர்; ஆங்கிலம் தெரியாது என்பர். உள்ளே இருக்கும் காரணம் வேறு. "போன இடத்திலே ஏதும் நடந்துவிட்டால்?" என்பதே அது. இதனை அவர்கள் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் முதியவர் தாம் புறப்படுமுன் கோயிலில் வைத்துத் தம் வயதொத்த ஒருவரிடம் மட்டும் சொன்னாராம்.

இந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்கலாகாது. அதற்கு நம் குடாவிலேயே ஒரு பழங்கதை உண்டு. 1659 ஆம் ஆண்டின் இறுதியிற் புயலிலே பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று, புதுமரம் தேடிக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. கப்பலின் பெயர் ஆன். தலைவர் பெயர் இராபர்ட் நொக்ஸ். அவருடன் அதே பெயருடைய மகனும் இருந்தான். 1660 ஆம் ஆண்டு மூதூர்ப் பக்கத்திலே கண்டியரசனின் ஆட்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டனர். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகன் அவரை அந்நிய மண்ணில் அடக்கம் செய்துவிட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேற் சிறையிருந்து, 1679 இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, 1680 இல் இலண்டன் மீண்டான். மறு ஆண்டு அவன் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலை நம் மாணவர் அறிவர். அவன் இறந்தது 1720 இல். அடக்கம் செய்யப்பட்டது விம்பிள்டனில். மூதூர்க் கரையிற் பிடிபட்டவன் உறங்கும் அதே விம்பிள்டனிலேதான் நம்மவர்கள் 1981 முதல் பிள்ளையாருக்குக் கோயில் வைத்துக் கும்பிடுகின்றனர்.

அக்காலத்தைப் போன்றதன்று இக்காலம். கட்டுநாயக்காவிலிருந்து இலண்டனுக்கு நேர் விமானம் ஏறத்தாழப் பதினொரு மணி நேரத்திற் கொண்டு சேர்த்துவிடுகின்றது. ஆயினும் வைத்தியச் செலவு பற்றி முன்யோசனை வேண்டும். அங்குள்ள தேசிய சுகாதார சேவை அந்நாட்டில் வசிப்போருக்கானது. விருந்தினராய்ச் செல்பவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் பெருந்தொகை செலுத்த நேரிடும். பிரயாணக் காப்புறுதி எடுக்கும்போது இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றை மறைக்காது எழுதுவித்தல் வேண்டும். மறைத்தால், வேண்டிய வேளையிற் காப்புறுதி கைகொடாது. வழக்கமான மருந்துகளை வைத்தியரின் சீட்டோடு கைப்பையிலே வைத்துக்கொள்ளுதல் நன்று. விமான நிலையங்களிற் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே கேட்டால் கட்டணமின்றித் தருவார்கள். நம்மவர் அதிலிருக்க வெட்கப்படுகின்றனர். "நடக்கக் காலிருக்க நாற்காலி என்னத்துக்கு?" என்று நம் முதியவரும் மறுத்துவிட்டார். ஆனால் அவருடைய துணைவியார் அமர்ந்துகொண்டு, வரிசையில் நிற்கும் வேலையில்லாமல் எல்லோருக்கும் முன்னே போய்ச் சேர்ந்தார். அன்று முதல் அவ்வீட்டில் இப்பேச்சு வரும்போதெல்லாம் பெரியவர் மௌனமாகிவிடுகின்றாராம்.

எந்தக் காலத்திற் செல்வது என்பதே பெரிய வினா. கீழைக்கரையிலே பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரையில் தொழிற்காலம், கச்சான் காற்றுக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், கரைவலை இழுப்பர். ஐப்பசிக்குப் பின் வாடை கிளம்பிக் கடல் கொந்தளித்தால் வள்ளங்கள் கரையேறும். ஓய்வுக் காலம் அதுவே. ஆனால் அந்த ஓய்வுக்காலம் இலண்டனில் இருளும் குளிருமாயிருக்கும் காலம். டிசம்பர் மாதத்திலே பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். ஆகவே கடற்றொழிலாளிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இலண்டனை அதன் அழகிய கோடையிற் காண வேண்டுமானால், ஓராண்டு உழைப்பின் நடுப்பகுதியை விட்டுக்கொடுத்தல் வேண்டும். வேறு வழியில்லை. நம் முதியவர் ஒரு வருடம் முழுவதும் இதனை யோசித்தார். "மாரியில் வாருங்கள், அப்பா, பயணச்சீட்டும் மலிவு" என்று மகன் எழுதினான். "இருட்டைப் பார்க்கவோ அவ்வளவு தூரம் வாறது?" என்று தாயார் கேட்டதே தீர்ப்பாயிற்று. தொழிலைத் தம்பியார் மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஆனி மாதத்திற் புறப்பட்டனர். செய்தது சரியென்றே நான் கருதுகின்றேன். வருமானத்தில் ஒரு பருவம் போயிற்று என்பது உண்மை. அதைப் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம்.

கோடையிற் போனாலும் ஒரு சங்கடம் உண்டு. ஜூன் மாதத்தில் அங்கே ஒன்பது மணிக்குப் பின்னர்தான் சூரியன் மறையும். நம்மூரில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்கு விளக்கேற்றிப் பழகிய தாயாருக்கு, வெள்ளிக்கிழமை விளக்கு எப்போது வைப்பது என்ற ஐயம் எழுந்தது. கடிகாரப்படி ஏற்றினால் வெளியே வெயில் அடிக்கின்றது. சூரியன் மறையும் வரை காத்திருந்தால் பேரப்பிள்ளைகள் உறங்கிவிடுகின்றன. முடிவில் அவர் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தையே விளக்கேற்றும் நேரமாக்கினார். சாத்திரம் அறிந்தோர் என்ன சொல்வாரோ அறியேன்; எனக்கு அது பொருத்தமாகவே தோன்றுகின்றது.

போய்ச் சேர்ந்த முதற் பத்து நாட்களும் அவர்கள் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. இதுதான் பெரும்பாலான முதியோரின் கதை. மகனும் மருமகளும் வேலைக்குப் போவர். குழந்தைகள் பள்ளிக்குப் போவர். பெரியவர்கள் கண்ணாடி யன்னலுக்கூடாக மழையைப் பார்த்திருப்பர். பேரப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் பேரப்பிள்ளையை மட்டுமே பார்த்துத் திரும்புவது எத்தனை வீடுகளில் நடக்கின்றது! சமையலும் குழந்தை பராமரிப்பும் தாயாரின் தலையில் விழுகின்றன. அவரும் அதனை மகிழ்ச்சியோடேயே செய்வார். அதனாலேதான் ஒருவரும் அதனைக் கவனிப்பதில்லை. ஆறு மாத விசா அடுப்படியிலே கழிந்து, விமானம் ஏறும் நாளில் அவசரமாக ஒரு பாலத்தின் முன்னே நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிவிடுகின்றனர். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அங்கே வேலை நேரம் அத்தகையது. ஆனால் வாரத்தில் ஒரு முழு நாளைப் பெற்றோருக்கென ஒதுக்காதவர் அவர்களை அழைக்காதிருப்பதே நன்று.

இந்த வீட்டிற் கதவைத் திறந்துவிட்டவள் பதினான்கு வயதுப் பேர்த்தி. பள்ளி விடுமுறை வந்ததும், "அப்பப்பா, இண்டைக்கு நாங்கள் ஆறு பார்க்கப் போவம்" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றாள். பேருந்திலே காசு வாங்குவதில்லை. 2014 முதல் அட்டையால் மட்டுமே கட்டணம். சுரங்க இரயில் உலகிலேயே முதன்முதல் ஓடியது அந்நகரிலேதான். அதுவும் முத்துக்குமாரசுவாமி பாரிஸ்டரான அதே 1863 ஆம் ஆண்டில். அங்குள்ள ஓடும் படிகளே நம் பெண்களுக்குப் பயம் தருவன. சேலைத் தலைப்பையும் கொய்யகத்தையும் கையிற் பிடித்துக்கொண்டு, வலப்பக்கமாக நிற்றல் வேண்டும். இடப்பக்கம் விரைந்து செல்வோருக்குரியது. இயலாதவர் பேருந்திலே போகலாம். மேல்மாடியின் முன்னிருக்கை கிடைத்தால் அதைவிட நல்ல காட்சி வேறில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்று தேம்ஸ் நதியைப் பார்த்தார் முதியவர். எல்லோரும் மணிக்கூட்டுக் கோபுரத்தை நோக்கியிருக்க, அவர் மட்டும் தண்ணீரையே நோக்கிக்கொண்டிருந்தார். பின்பு கேட்டார்: "என்ன பிள்ளை, இந்த ஆறு பின்னுக்கெல்லோ ஓடுது?"

பேர்த்திக்கு விளங்கவில்லை. பிறந்தது முதல் அந்நகரில் வாழ்பவள் அதனை ஒருநாளும் கவனித்ததில்லை. உண்மையிலே அது பெருக்கு நேரம். தேம்ஸ் நதியில் வற்றும் பெருக்கும் நாளொன்றுக்கு இரண்டு முறை நிகழும். இலண்டன் பாலத்தருகே மிகுந்த பெருக்கு நாட்களில் நீர் மட்டம் ஏறத்தாழ ஏழு மீற்றர், அஃதாவது ஒரு தென்னம்பிள்ளை உயரம், ஏறியிறங்கும். திருகோணமலையிலோ ஒரு மீற்றருக்கும் குறைவான ஏற்றமே. அறுபதாண்டு கடலைப் பார்த்த கண்ணுக்கு இது அதிசயமாயிற்று. அன்று மாலை வரை அவர்கள் கரையோரமாகவே நடந்தனர். பெருக்கு நின்று நீர் ஒரு கணம் அசையாது கிடந்து மறுபடி கடல் நோக்கித் திரும்புவதைப் பேர்த்திக்கு அவர் காட்டிக்கொடுத்தார். பாலத்துக்குக் கீழே வண்டல்மண் வெளிப்பட, அதிலே படகுகள் சாய்ந்து கிடப்பதையும் கண்டனர். நகரம் கடல்நீரில் மூழ்காதிருக்கக் கிழக்கே ஆற்றின் குறுக்காக எஃகுக் கதவுகள் அமைத்து 1982 முதல் இயக்கி வருகின்றனர் என்று பேர்த்தி கைத்தொலைபேசியிற் பார்த்துச் சொன்னாள். 2004 ஐக் கண்டவர், "கடலுக்குக் கதவோ!" என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு செய்தியை ஈண்டு வற்புறுத்த விரும்புகின்றேன். முதியோருக்கு நகரத்தைக் காட்டுவோர், தமக்குப் பிடித்தவற்றையே காட்டுகின்றனர். கடைத்தெருவும் பெரிய இராட்டினமும் யாருக்கு வேண்டும்? அவரவர் வாழ்ந்த வாழ்வோடு தொடுப்புடையதைக் காட்டினால் அவர்கள் கண் தானே திறக்கும். திருகோணமலையாருக்கு இலண்டனிலே அத்தகைய தொடுப்புகள் ஏராளம்.

டிரபல்கர் சதுக்கத்திலே ஏறத்தாழ ஐம்பத்திரண்டு மீற்றர் உயரமான தூணின்மேல் நிற்கின்ற நெல்சன், பதினேழு வயது நிரம்பாத கப்பற் சிறுவனாய் 1775 அளவில் நம் துறைமுகத்துக்கு வந்தவர். உலகிற் சிறந்த துறைமுகம் இதுவென்று அவர் சொன்னதாக நம்மூரில் எல்லோரும் பெருமை பேசுவோம். அங்கிருந்து சிறிது தூரத்திலே இன்னொரு தூண். அதன்மேல் நிற்பவர் யோர்க் கோமகன் பிரெடரிக். கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கொண்டு போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை, ஆங்கிலேயர் காலத்தில் 1803 இல் இவர் பெயரைப் பெற்றது. இவரோ திருகோணமலையைக் கண்ணாற் கண்டவரும் அல்லர். 1834 இல் முடிந்த அந்தத் தூணுக்காகப் படைவீரர் ஒவ்வொருவரிடமும் ஒருநாட் சம்பளத்தைப் பிடித்தார்கள். கோமகன் பெருங் கடனாளி. கடன்காரர் எட்டாத உயரத்தில் ஏறி நிற்கின்றார் என்று இலண்டன்வாசிகள் அந்நாளிலேயே கேலி செய்தனராம். கோட்டை வாசலால் எத்தனையோ முறை கோணேசரிடம் போன நம் தாயார் இதைக் கேட்டு, "ஆரெண்டு தெரியாமலே இவ்வளவு காலமும் இவற்றை பேரைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறம்" என்று சிரித்தார். கோட்டைக்குள் வெல்லெஸ்லி இல்லம் என நின்ற பெயருக்குரியவர், பின்னாளில் வெலிங்டன் கோமகனானவர், 1800 இன் கடைசியில் அங்கு வந்து தங்கினார். நெல்சனும் அவரும் சென் போல் பேராலயத்தின் நிலவறையில் அடக்கமாகியுள்ளனர். உச்சிக்கு ஏற ஐந்நூற்று இருபத்தெட்டுப் படிகள். நிலவறையோடு திரும்புவதே முழங்காலுக்கு நன்று.

பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணமில்லை. அதன் ஆசியக் கூடத்திலே பொன்முலாம் பூசிய வெண்கலத் தாரை நிற்கின்றாள். உயரம் நூற்று நாற்பத்து மூன்று சென்ரி மீற்றர். ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டு வேலைப்பாடு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கண்டெடுக்கப்பட்டவள். இலங்கையில் ஆள்பதியாயிருந்த பிரவுன்றிக் 1830 இல் அவளை அங்கே கொடுத்தார். யாருடைய பொருளை யார் கொடுப்பது என்ற வினா மாணவர் சிந்தனைக்கு உரியது. தாயார் அதையெல்லாம் கேட்கவில்லை. நம்மூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி இவ்வளவு தூரத்தில் தனியே நிற்கின்றாளே என்பதுபோல் நெடுநேரம் அவள் முன்னே நின்றார். பின் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். காவலர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

கும்பிட வேறிடங்களும் உள. டூட்டிங்கில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கின்றது. சல்லியிலிருந்து சென்றவருக்கு அப்பெயரைக் கேட்டபோதே பாதி அந்நியம் நீங்கிற்று. ஹைகேற் குன்றிலே முருகன் கோயில். 2002 ஆம் ஆண்டிலே எலிசபெத் மகாராணியார் தமது எழுபத்தாறாம் வயதில் அங்கு சென்றார். அந்நாட்டில் அவர் ஓர் இந்துக் கோயிலுக்குச் சென்றது அதுவே முதன்முறை.

உடை பற்றி ஒரு வார்த்தை. 1966 இல் அறுபத்துமூன்று வயதுக் காமராசர் சோவியத் நாட்டுக்குச் சென்றபோதும் வேட்டி சட்டையோடேயே சென்றார். கோடையில் நம்மவரும் அவ்வாறு செல்லலாம். மேலே ஒரு கம்பளிச் சட்டை போதும். ஆனால் பாதத்துக்குச் செருப்புப் போதாது. மூடிய சப்பாத்தை இரண்டு மாதம் முன்பே ஊரில் வாங்கி நடந்து பழகாவிட்டால், அங்கே கால் புண்ணாகிப் பிரயாணமே கெடும்.

முதியவர் மிகவும் மகிழ்ந்த இடம் எந்தச் சுற்றுலாக் கைந்நூலிலும் முதலிடம் பெறுவதன்று. பில்லிங்ஸ்கேற் மீன் சந்தை 1982 இலே பழைய ஆற்றங்கரைக் கட்டிடத்தை விட்டுக் கிழக்கே பெயர்ந்தது. விடியுமுன் தொடங்கிக் காலை எட்டரைக்குள் அடங்கிவிடும். மகன் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கே எழுந்து அவரை அழைத்துப் போனான். பனிக்கட்டிப் பெட்டிகளிற் கிடந்த மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்த்து, எது நேற்றையது, எது நான்கு நாட்பட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். வியாபாரி ஒருவர் நின்று கவனித்து, மகனிடம் இவர் என்ன தொழில் செய்பவர் என்று கேட்டார். கேட்டறிந்தபின் தொப்பியைக் கழற்றிக் கைகொடுத்தார். மகன் அங்கே இருபத்திரண்டு வருடமாகக் கணக்காளர். தகப்பனாரின் தொழிலை அவன் ஓர் ஆங்கிலேயரிடம் முழுமையாக எடுத்துச் சொன்னது அன்றுதான் முதன்முறையாம். இதனை எனக்குச் சொன்னவர் தகப்பனாரல்லர், தாயார்.

நம் உப்புவெளியிலே, நிலாவெளி வீதியருகில், இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்ட வெளிநாட்டு இளைஞரின் மயானம் ஒன்று உண்டு. பூஞ்செடி வைத்து இன்றும் ஒழுங்காகப் பேணப்படுகின்றது. அந்த வீதியாற் சல்லிக்குப் போவோர் அதைக் கடந்தே செல்வர். இலண்டன் தேவாலயமொன்றின் சுவரிற் போரில் இறந்தோரின் பெயர் வரிசையைக் கண்டபோது, அவர்களின் தாய்மாரும் தந்தைமாரும் இங்கு வந்து பார்த்திருப்பார்களா என்று நம் தம்பதியர் பேசிக்கொண்டனராம். அக்காலத்திற் பலருக்கு அது இயன்றிருக்காது.

கடைசி வாரத்திற் படகேறிக் கிரீனிச்சுக்குச் சென்றனர். அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்திலே, டிரபல்கரில் நெல்சன் அணிந்திருந்த அங்கி, தோட்டா துளைத்த இடத்தோடு இருக்கின்றது. குன்றின் மேலே 1675 இல் நிறுவிய வானாராய்ச்சி நிலையம். 1884 முதல் உலகம் நெட்டாங்கை எண்ணத் தொடங்குவது அங்குள்ள கோட்டிலிருந்தே. திருகோணமலை அதற்குக் கிழக்கே ஏறத்தாழ எண்பத்தொரு பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், சூரியன் நம்மிடம் ஐந்து மணி இருபத்துநான்கு நிமிடம் முந்தி வருகின்றான். பேர்த்தி தாளில் இதைக் கணக்கிட்டுக் காட்டினாள். முதியவர் கேட்டிருந்துவிட்டு, அப்போது ஊரில் நேரம் என்னவென்று கேட்டார். பின்னேரம் நாலரை என்றாள். உடனே தொலைபேசியை வாங்கித் தம்பியார் மகனை அழைத்து, அன்றைக்கு எத்தனை வலை இழுத்தார்கள், கச்சான் விழுந்துவிட்டதா என்று விசாரித்தார்.